பக்கம் திருப்பாத வருஷம்

கருங்கல்நத்தம் அரசு மேல்நிலைப் பள்ளியின் மதியச் சோற்று வரிசையில் தாது வருஷப் பஞ்சத்து ஆட்கள் வந்து நின்ற அன்று, வரிசைக்குப் பிந்தி வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் எட்டாமல் போனதுதான் ஊரில் முதல் பேச்சாக இருந்தது. வந்தவர்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தியவர்கள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் விலா எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நிற்கிற ஒரு ஆளைப் பார்க்கும்போது அவர் எந்த வருஷத்துக்காரர் என்று கேட்க யாருக்கும் தோன்றாது. உடைந்த சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடுப்பில் துணி என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் சுற்றிக்கொண்டு, முண்டியடிக்காமல், பேசாமல், பிள்ளைகளுக்குப் பின்னால் மைதானத்தைத் தாண்டி வேலிக்கருவை மரங்கள் வரைக்கும் அவர்கள் நின்றார்கள். சத்துணவு அமைப்பாளர் ஜைத்தூன் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு, "தட்டில்லாம வந்திருக்காங்க, போயி பூவரச இலை பறிச்சுட்டு வாங்கடா," என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு முந்தின நாள்தான் குழல்வாய்மொழி டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தாள்.

குழல்வாய்மொழிக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம், ஆடி மாதம் பிறந்தால் கொடியில் போட்ட துணி காயாத ஊர். கலந்தாய்வில் மிச்சமிருந்த இடம் என்று சேலத்துக்கு வடக்கே மழை மறந்துபோன இந்த ஊருக்கு வந்தவள். 'வரலாற்றுத் துறை' என்று கதவில் பெயிண்டால் எழுதிய அறையில் போன வருஷம் வரைக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஒரு ஆள் உபரி என்று சொல்லி ஜூன் மாதத்தில் மற்றவரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகு அந்தத் துறை என்பது அவள் ஒருத்திதான். வீட்டில் கல்யாணப் பேச்சு வருஷக்கணக்கில் நடந்து, பிறகு பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. தம்பி ஒருவன் இருக்கிறான், தீபாவளிக்குப் போன் பண்ணுவான்.

பன்னிரண்டாம் வகுப்பில் சயின்ஸ் குரூப்புக்கும் காமர்ஸ் குரூப்புக்கும் போனதுபோக மிஞ்சிய பிள்ளைகள்தான் ஹிஸ்ட்ரி குரூப்புக்கு வந்தார்கள். ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுகிற கூட்டம், தவறான ஸ்டாப்பில் இறங்கிவிட்டவர்கள் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். முதல் பாடத்தில் பஞ்சத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வழக்கமாக அதை அவள் கால் மணி நேரத்தில் தாண்டிவிடுவாள். ஆனால் அது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேனிடம் "வரேன்" என்று சொன்னதற்குப் பிறகு அவள் ஒரு உயிரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, கரண்ட் இல்லாததால் மணியும் அடிக்கவில்லை, எனவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி அவள் சொல்லிக்கொண்டே போனாள், கிணறுகள் வற்றியதையும், மாடுகள் விழுந்ததையும், நெல் மூட்டைகள் காவலோடு துறைமுகத்துக்குப் போனதையும், எறும்புப் புற்றைத் தோண்டி எறும்பு சேர்த்து வைத்திருந்த தானியத்தை எடுத்துத் தின்றதையும், சப்பாத்திக் கள்ளிப் பழம் தின்று வாய் புண்ணானதையும், ஊர் ஊராக எழுந்து நடந்ததையும், கஞ்சித்தொட்டியைத் தேடி நடந்தவர்கள் வழியிலேயே உட்கார்ந்ததையும், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்காததையும். பேச ஆளில்லாமல் இருந்தவளின் பேச்சு அது. பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். மறுநாள் மதியம் வரிசை வந்துவிட்டது.

தலைமையாசிரியர் மாதையன் ஓடிவந்து, அவர்களில் முதலில் நின்றவரிடம் "எந்த ஊருங்க?" என்று கேட்டார். "இந்த ஊருதானுங்க சாமி," என்றார் அவர். மாதையன் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, இப்படி இப்படி வந்திருக்கிறார்கள், சாப்பாட்டுக் கணக்கில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டதற்கு, எழுதி அனுப்புங்கள் பார்க்கலாம் என்றார்கள். அவர் எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. அதற்குள் ஊர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, காய்ந்த குடலுக்கு முட்டையும் சாம்பாரும் ஆகாது, கஞ்சியிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போக, ஜைத்தூன் பெரிய அண்டாவை ஏற்றினாள். வீட்டுக்கு ஒரு படி அரிசி என்று பெண்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். முடிதிருத்தும் கடைக்காரர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார். பழைய சேலையும் வேட்டியும் மூட்டையாக வந்து இறங்கின. இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக ஃபிளக்ஸ் கட்டினார்கள். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால் இத்தனை நாள் மதியத்தில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஹிஸ்ட்ரி குரூப் பிள்ளைகள் சிலருக்கும் அந்த அண்டாவில் சோறு கிடைத்தது. இத்தனை பேருக்கு ஊற்றும்போது இவர்களை மட்டும் யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்.

முதலில் அடையாளம் கண்டுகொண்டது பூக்காரம்மா ஒருத்தி. கஞ்சிக்குப் போகிற ஒரு கிழவரின் நடையைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். "அய்யோ, இது எங்கப்பா நடையில்ல?" என்றவள் ஓடிப்போய் அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள், வலது காது மடல் மடங்கியிருந்தது, அவள் காதும் அப்படித்தான். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஊரே மைதானத்துக்கு வந்தது. மூக்கையும் முட்டியையும் கால் கட்டை விரலையும் பார்த்து, "இது எங்க ஆளு", "இது எங்க வீட்டு நெத்தி" என்று ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் குழாயடியை விட்டு நகர மறுத்தார்கள். திறந்துவிட்ட குழாயில் தண்ணீர் கொட்டுவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், மூடினால் அழுதார்கள். தலையணை உறைக்குள் சோற்றைப் பதுக்கினார்கள். எறும்பு வரிசையைக் கண்டால் பின்னாலேயே போனார்கள். வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள், ஃபேனைப் பார்த்துப் பயப்படுவதற்குச் சிரித்தார்கள், டிவி முன்னால் உட்கார வைத்தார்கள், விசேஷ வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ரைஸ்மில் தனபாலும் தினமும் வந்தார். வெள்ளை வேட்டியோடு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருடைய முகம் எதுவும் அதில் இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்தார். "எங்க ஆளு ஒருத்தரும் வரலியே டீச்சர்," என்று குழல்வாய்மொழியிடம் வந்து கேட்டார். அவள் கஞ்சி அண்டாவைப் பார்த்தாள். அவருக்கே அது புரிந்தபோது நின்ற இடத்திலேயே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டினி கிடந்தவர்கள்தானே வந்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அரிசி மூட்டை அவர் மில்லிலிருந்து வந்தது, ஆனால் அவர் மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் யாரும் கூட்டிக்கொண்டு போகாத கொஞ்சம் பேர் வேப்பமரத்தடியில் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருத்தி பாவாயி. முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் முதுகு வளைந்திருந்தது. ஊர்ப் பெண்கள் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் வீட்டுச் சாயலும் இல்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சாயங்காலம் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்த குழல்வாய்மொழி, காலியாகிக்கொண்டிருந்த மைதானத்தில் தன்னைப் போலவே யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தாள்.

"வாரியா, எங்கூட?" என்று கேட்டாள்.

"உங்க ஆளா நானு?"

"இல்ல. எங்க ஆளுக இந்தப் பக்கமே கெடையாது. சும்மா வா."

பாவாயி யோசித்துவிட்டு எழுந்து பின்னால் வந்தாள்.

சைக்கிள் கடைக்கு மாடியில் இருந்த தன் வீட்டில் அன்று குழல்வாய்மொழி இரண்டாவது தட்டு எடுத்துக் கழுவி வைத்தாள். பாவாயி கட்டிலில் படுக்க மாட்டாள், தரையில் காதை வைத்துப் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பாள். புருஷன் ரோட்டுக்குக் கல் உடைக்கிற வேலைக்குக் கூலிக்குப் போனான், அங்கே கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவளும் பின்னால் நடந்தாள், வழியில் பிள்ளை இறந்துபோனது, போய்ச் சேர்ந்தபோது புருஷன் அங்கே இல்லை. இதை அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி சொன்னாள், ஒரே ஒரு தடவை. குழல்வாய்மொழி வெங்காயத்தில் பாதியை வாங்கித் தானும் உரித்தாள். அதற்குப் பிறகு பாவாயி தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

"உங்க ஊர்ல மழை எப்படி அம்மிணி பெய்யும்?"

"சாரலாப் பெய்யும். பொடிப்பொடியா. வேட்டியப் பிழிஞ்சு கட்டிட்டுப் போனா திரும்பி வரையில மறுபடி பிழியணும்."

"பொய்யி."

"சத்தியமா. எங்க வீட்டுச் சுவத்துல பாசி புடிச்சு, நான் அதுல நகத்தால பேரு எழுதுவேன்."

பாவாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சுவரில் பச்சையாக வளருமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே குழல்வாய்மொழி தன் ஊரின் ஓடைகளையும் தவளைகளையும் குடை வியாபாரியையும் நினைவிலிருந்து தோண்டித் தோண்டி எடுத்துச் சொன்னாள். சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் அவள் வீட்டுக்கு வேகமாக நடந்து போவதை ஊர் முதல் தடவையாகப் பார்த்தது.

பகலில் பாவாயி வகுப்பிலேயே இருந்தாள். ஆரம்பத்தில் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்டார்கள். அப்போது வைஸ்ராய் யார், கமிஷன் என்ன பரிந்துரைத்தது, எத்தனை லட்சம் பேர் இறந்தார்கள் என்று. அவளுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. பிள்ளைகளில் துடுக்கான நதியா, "அக்கா, நீங்க எழுதினா ஃபெயிலுதான்," என்றாள். பாவாயிக்கு அது உறைத்ததோ என்னவோ, இரண்டு நாள் கழித்து அவள் வகுப்பில் வாயைத் திறந்தாள்.

"ஏன் அம்மிணி, மழ பெய்யலேன்னு அந்தத் தொரைக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்க ஊரு நெல்லு வண்டியில போனது?"

"அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன் போச்சு?"

குழல்வாய்மொழி பதில் சொல்ல எழுந்து, சந்தை என்றும் கொள்கை என்றும் தொடங்கி, அந்த முகத்தைப் பார்த்து அதை முடிக்க முடியாமல், "எனக்கும் அது வெளங்கல பாவாயி," என்றாள். நதியா அன்று முதல் தடவையாகப் புத்தகத்தின் ஓரத்தில் எதையோ எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் கேள்விகள் பெருகின, பாவாயி ஒன்று கேட்டால் பிள்ளைகள் இரண்டு கேட்டார்கள், பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் சத்தம் தாங்கவில்லை என்று வந்து சொல்லும் அளவுக்கு.

ஆனால் அத்தனையும் அந்த அரைப் பக்கத்துக்குள்தான். ஆகஸ்டில் ஒருநாள் குழல்வாய்மொழி அடுத்த தலைப்பை, பஞ்சத்தில் பிழைத்தவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றிய பகுதியை, நடத்தலாம் என்று முதல் வரியை வாசித்தாள். வாசித்த உடனே மைதானத்திலும் தெருக்களிலும் வீடுகளிலும் இருந்த பஞ்சத்து ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஊரில் ஆளிருந்தவர்கள் தத்தம் பழைய நிலத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் கிழக்கே திரும்பினார்கள். வகுப்பில் பாவாயியும் எழுந்து, சட்டி எங்கே என்று தேடுபவள்போலக் கையைத் துழாவிக்கொண்டு கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றாள். குழல்வாய்மொழி படக்கென்று புத்தகத்தை மூடினாள். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவளுக்குக் கணக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்த ஊரில் வாரிசு இருப்பவர்கள் பஞ்சத்தில் பிழைத்தவர்கள், அதனால்தான் வாரிசு இருக்கிறது. அவர்கள் தங்கள் வருஷத்துக்கே திரும்பிப் போய் மழை வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். வாரிசு இல்லாதவர்கள் துறைமுகத்துக்கு நடந்து கப்பல் ஏறியிருப்பார்கள், இல்லை வழியிலேயே விழுந்திருப்பார்கள். பாவாயி இரண்டில் எது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"பக்கத்தத் திருப்பாதீங்க டீச்சர்," என்று பூக்காரம்மா அன்று சாயங்காலமே வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரும் அதையே சொன்னது. மாதையனும், "பாத்துக்கலாம், மெதுவா நடத்துங்க," என்றார். குழல்வாய்மொழிக்கு இவ்வளவு பேர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது, காலாண்டுத் தேர்வில் பிள்ளைகள் பஞ்சத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டார்கள், அரையாண்டிலும் அப்படியே. மதிப்பெண் வரிசையைப் பார்த்த மாதையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊரே ஒரு வருஷத்தில் நின்றுகொண்டிருந்தது, அதில் தனக்கு மட்டும்தான் இத்தனை நிம்மதி என்று குழல்வாய்மொழிக்குத் தெரிந்திருந்தது.

பொங்கலுக்குப் பிறகு காற்று மாறியது. வயிறு நிறைந்ததும் பஞ்சத்து ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். "மேட்டுக் காடு நம்மளுதாச்சே, யாரு வித்தது?" என்றார் ஒருவர். பிளாட் போட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார் இன்னொருவர். தன் பேத்தி வேறு சாதிப் பையனைக் கட்டியதற்கு ஒரு கிழவி சோறு வேண்டாம் என்று தட்டைத் தள்ளினாள். பஞ்சத்தின்போது அதே சாதிக்காரர் வீட்டு வாசலில் அவள் கஞ்சி வாங்கிக் குடித்ததைப் பார்த்த இன்னொரு கிழவர் அதைத் தெருவில் நின்று சொல்ல, கைகலப்பாகிவிட்டது. இத்தனை மாதம் அரிசி கொடுத்த கைகளும் களைத்திருந்தன. பூக்காரம்மா மறுபடி வந்தாள். இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. "என்ன இருந்தாலும் அவங்கவங்க காலத்துல அவங்கவங்க இருந்துட்டாத்தான் நல்லது, இல்லீங்களா டீச்சர்?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாளும் குழல்வாய்மொழி அதே அரைப் பக்கத்தைத்தான் நடத்தினாள்.

பிப்ரவரியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நதியா மாடிக்கு ஏறி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"டீச்சர், பரீட்சைக்கு ஒரு மாசங்கூட இல்ல. எங்களுக்கு ஒரு பக்கந்தான் தெரியும்."

"பாத்துக்கலாம் நதியா."

"யாரு பாப்பாங்க? ஃபெயிலானா எங்கப்பா கோழிப் பண்ணைக்கு அனுப்பிருவாரு. எங்க வீட்ல காலேஜு வாசல மிதிச்சவங்க யாருமில்ல. ஹிஸ்ட்ரி குரூப்புன்னு எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க நடத்துனத கேட்டப்புறந்தான் இதையே மேல படிக்கணும்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "பாவாயியக்கா போயிருவாங்கன்னு உங்களுக்குக் கஷ்டம். எங்களுக்கும் கஷ்டந்தான். ஆனா நாங்களும் இருக்கோமில்ல டீச்சர்?"

நதியா இறங்கிப் போன பிறகு குழல்வாய்மொழி திரும்பிப் பார்த்தாள். அடுப்படி நிலையில் பாவாயி நின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த பக்கத்துல என்ன அம்மிணி இருக்குது?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. பிறகு சொன்னாள். துறைமுகத்தைச் சொன்னாள், கப்பலைச் சொன்னாள், கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டங்களைச் சொன்னாள், ஆட்களை எப்படி ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதையும், போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை என்பதையும், திரும்பாதவர்களில் பிழைத்தவர்கள் அங்கேயே பிள்ளை குட்டி பெற்று ஊராக ஆனார்கள் என்பதையும் சொன்னாள்.

"நானு ஏறுவனா? வழியில உழுந்துருவனா?"

"எனக்குத் தெரியாது. இவ்வளவு படிச்சும் அது எனக்குத் தெரியாது." குழல்வாய்மொழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போகாண்டாம் பாவாயி. ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான் இந்தப் பக்கத்தையே நடத்துதேன். யாரு என்ன செய்துருவாங்க? நீ இங்கேயே இரு."

"இருந்து?"

"எங்கூட இரு."

பாவாயி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கையை மட்டும் விடவில்லை.

"உங்க சோறு எனக்குப் போதும் அம்மிணி. இதுமாதிரி நானு ஆயுசுல தின்னதில்ல. ஆனா இங்க நான் யாருக்கும் ஒண்ணுமில்ல. என் வருசத்துல எனக்குப் புருசன் ஒருத்தன் இருக்கான், செத்தானா கப்பலேறுனானான்னு பாக்கோணும். உழுந்தா உழுவறேன். நடக்காமயே உக்காந்திருக்கச் சொல்றீங்களே." பிறகு தணிந்த குரலில், "அந்தப் புள்ள அழுவுது," என்றாள்.

மறுநாள் குழல்வாய்மொழி பக்கத்தைத் திருப்பினாள். ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது, ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றது, தாங்கள் கேட்டபடிதான் நடக்கிறது என்றாலும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவள் முதல் வரியை வாசித்தாள், இரண்டாவது வரியை வாசித்தாள், நிறுத்தவில்லை. மைதானத்தில் எல்லோரும் எழுந்தார்கள். ஊர்க்காரர்களின் ஆட்கள் காட்டுப் பக்கமும் மேட்டுப் பக்கமும் நடந்து, கொஞ்ச தூரத்திலேயே வெயிலில் கரைந்துபோனார்கள். பூக்காரம்மா "ஒரு வாய் தின்னுட்டுப் போயேன்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள். வேப்பமரத்தடி ஆட்கள் சட்டியை எடுத்துக்கொண்டு கிழக்கே திரும்பினார்கள். குழல்வாய்மொழி பத்தியை முடித்துவிட்டு, புத்தகத்தை நதியா கையில் கொடுத்து, "மிச்சத்த நீ வாசி," என்று சொல்லி, பாவாயியோடு வெளியே போனாள்.

பைபாஸ் மேம்பாலம் வரைக்கும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. குழல்வாய்மொழி தான் தூக்கி வந்த கட்டுச்சோறு மூட்டையைக் கொடுத்தபோது பாவாயி, "திரும்பிப் போங்க அம்மிணி, வெயிலு," என்றாள். குழல்வாய்மொழி நின்றாள். பாவாயி திரும்பிப் பார்க்காமல் போனாள், முதுகு முன்னைப்போல வளைந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு குழல்வாய்மொழி காலையிலும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாடம் நடத்தினாள், போராட்டங்களையும் ஊர்வலங்களையும் உலகப் போர்களையும் நடத்தினாள், எந்தப் பாடத்திலிருந்தும் யாரும் வரவில்லை. ஜைத்தூன் மட்டும் சில நாள் பழக்கத்தில் அரிசியை அதிகமாகப் போட்டுவிட்டு, பிறகு நினைவு வந்து, ஹிஸ்ட்ரி குரூப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். தேர்வு முடிந்தது. மே மாதத்தில் முடிவு வந்தபோது எல்லோரும் பாஸ், நதியா பள்ளியிலேயே வரலாற்றில் முதல். மாதையன் மிட்டாய் கொடுத்தார். நதியா மாடிக்கு வந்து காலில் விழுந்துவிட்டு, சேலத்தில் காலேஜுக்கு விண்ணப்பம் போடப் போய்விட்டாள். வீட்டில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. குழல்வாய்மொழி பாவாயியைப் போலத் தரையில் காதை வைத்துப் படுத்துப் பார்த்தாள், தூக்கம் வரவில்லை.

கோடை விடுமுறையில் அவள் தென்காசிக்குப் போகவில்லை. ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினாள். ஊர் ஊராக இறங்கி டீக்கடையில் விசாரித்தாள். "ஆமாங்க, மாசியில போனாங்க, எங்க ஊர்லதான் மதியம் சாப்பிட்டாங்க," என்றார்கள் நாமக்கல் தாண்டி. திருச்சிக்கு முன்னால் ஆற்று மணலில் இரண்டு பேரைப் புதைத்ததாகச் சொன்னார்கள், இரண்டும் ஆண்கள். தஞ்சாவூரை அடுத்து ஒரு வாய்க்கால் கரையில் ஒரு பெண்ணைப் புதைத்ததாகச் சொன்னபோது அவள் மதகில் உட்கார்ந்துவிட்டாள். வயதானவள், தலை வெளுத்துப்போனவள் என்று அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. திருவாரூரைத் தாண்டியதும் அவர்களைப் பார்த்தவர்கள் குறைந்துபோனார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கிக் கடற்கரைக்கு நடந்தாள். மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டாள்.

"வந்தாங்கம்மா. தூரத்துல பாய்மரம் வச்ச கப்பலு நின்னுச்சு. அது போற வரைக்கும் எங்காளுவ வல போடல."

"எல்லாரும் ஏறுனாங்களா?"

"பேசாமதான் ஏறுனாங்க. ஒருத்திதான், கூட்டிட்டுப் போற ஆள நிறுத்தி வச்சிக்கிட்டு கேள்வியா கேட்டா. எந்தத் தீவு, எத்தன மாசம், கூலிய யாரு கையில குடுப்பீங்க, திரும்பி வரணும்னா யார கேக்கணும். அந்தாளுக்குப் பதிலு தெரியல. போயி தெரிஞ்சிக்கிட்டு வாய்யான்னுட்டு மணல்லயே குந்திட்டா. வெயிலு சாயற வரைக்கும் படகு கெடந்துச்சு. நாங்களும் எத்தனையோ பேரு போறத பாத்திருக்கோம், யாரும் இப்படிக் கேட்டதில்ல."

குழல்வாய்மொழி பையை மணலில் இறக்கி வைத்தாள். "பெறவு?"

"போயி கேட்டுட்டு வந்து சொன்னான். எல்லாத்தையும் காதுல வாங்கிக்கிட்டா. அங்க மழ பெய்யுமான்னா. அதமட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியல. சரி, நானே பாத்துக்கறேன்னு ஏறிட்டா." அந்த அம்மா ஒரு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா அழுவுற? யாரு அது, ஒம்பொண்ணா?"

குழல்வாய்மொழி தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவள் அலை வரைக்கும் நடந்து போனாள், முழங்கால் நனைகிற இடத்தில் நின்றாள், வகுப்பில் பேசுகிற குரலைத் தேடி எடுத்துக்கொண்டு, கடலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"பெய்யும் பாவாயி. அங்க நல்லாப் பெய்யும்."